தொட்டால் மறுமொழி கூறும் படங்கள்

சுவரில் மாட்டப்பெற்ற ஓவியத்தை நாம் கண்டு மகிழ்கிறோம். எத்தனை முறை தொட்டாலும் அவ்வோவியம் அசைவதில்லை, மறுமொழி கூறுவதுமில்லை. கைப்பேசித் திரையிலும் கணினித் திரையிலும் தோன்றும் படங்களோ வேறு இயல்பின. தொட்டால் திறக்கின்றன; இழுத்தால் நகர்கின்றன; அழுத்தினால் ஒலிக்கின்றன. நூல், நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி ஆகியவை நமக்குச் செய்தி சொல்லுமேயன்றி, நாம் சொல்வதைக் கேட்பதில்லை. நாம் ஒன்று செய்ய, அதற்கேற்பத் தானும் ஒன்று செய்யும் ஊடகத்தை ஊடாடும் ஊடகம் என்று வழங்குவர்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் விளையாடும் விளையாட்டுகளையும், பயிற்சி செய்யும் செயலிகளையும் சற்று உற்று நோக்குங்கள். படவுருக்கள், பொத்தான்கள், எழுத்துகள், பின்னணி, ஓடியாடும் உருவங்கள் எனப் பல உறுப்புகள் சேர்ந்தே ஒரு திரை அமைகின்றது. இவ்வுறுப்புகளுள் ஒன்றேனும் தானாகத் தோன்றியதன்று. எங்கோ ஒருவர் அமர்ந்து, எண்ணி, வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்ததே அது. அவ்வேலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை இங்குக் காண்போம்.

திரை என்பது எண்ணற்ற சிறு புள்ளிகளின் தொகுதி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு விளக்கு. அதனைப் படப்புள்ளி என்பர். மார்கழித் திங்களில் நம் அன்னையர் வாசலில் கோலமிடும் முறையை நீங்கள் கண்டிருப்பீர்கள். முதலில் புள்ளிகளை வரிசையாக வைத்து, எண்ணிக்கை சரியா என்று பார்த்த பின்னரே கோட்டை இழுப்பர். புள்ளி தவறினால் கோலமும் தவறும். திரைப்படவுரு வரைவோரும் புள்ளிக் கணக்கில்தான் தொடங்குகின்றனர். கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிச் செல்லும். திரையில் புள்ளியே ஒளிர்ந்து கோடாகின்றது. அவ்வளவே வேறுபாடு.

இக்கலையின் வரலாற்றில் சூசன் கேர் என்னும் அமெரிக்கப் பெண்மணிக்குத் தனியிடம் உண்டு. நுண்கலை பயின்ற அவர் சிற்பம் செய்துகொண்டிருந்தார். ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய அவருடைய பள்ளித் தோழர் ஒருவர், புதிதாக உருவாகிக்கொண்டிருந்த மெக்கிந்தாசு கணினிக்குப் படங்கள் வரைந்து தருமாறு அவரை அழைத்தார். அக்கணினியில் வரைவதற்கேற்ற மென்பொருள் அப்போது இல்லை. சூசன் கேர் யாது செய்தார் தெரியுமா? கடைக்குச் சென்று, கட்டம் போட்ட குறிப்புப் புத்தகம் ஒன்றை வாங்கினார்! 32 கட்டம் அகலம், 32 கட்டம் உயரம் என ஒரு சதுரத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியும் விடுத்தும் படங்களை உருவாக்கினார். மொத்தம் 1,024 கட்டங்கள். வண்ணம் கிடையாது, கறுப்பு, வெள்ளை இரண்டே.

1984ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் அக்கணினி வெளிவந்தது. புன்னகை பூக்கும் சிறு கணினி, குப்பைத் தொட்டி, காத்திருக்கச் சொல்லும் கைக்கடிகாரம், வண்ணம் கொட்டும் வாளி முதலிய படங்கள் அதன் திரையில் தோன்றின. கணினி என்றால் கட்டளைகளைத் தட்டச்சிட வேண்டும் என்றிருந்த காலத்தில், குப்பைத் தொட்டியைப் பார்த்த எவருக்கும் அது எதற்கு என்று விளக்க வேண்டிய தேவை எழவில்லை. அக்கணினியின் விசைப்பலகையில் இருந்த ஒரு விசைக்குக் குறி தேடிய அவர், குறியீடுகள் அடங்கிய நூலொன்றைப் புரட்டினார். சுவீடன் நாட்டில் காணத்தக்க இடங்களைக் காட்டும் பலகைகளில் வரும் ஒரு வடிவம் அவர் கண்ணில் பட்டது. நான்கு மூலையிலும் கண்ணி போட்ட சதுரம் அது. அதனை உற்றுப் பார்த்தால், நம் சிக்குக் கோலத்தின் ஒரு கண்ணியைத் தனியே எடுத்து வைத்தாற்போல் இருப்பதைக் காணலாம். சூசன் கேர் நம் ஊர்ப் பக்கம் வந்திருந்தால் நூலைப் புரட்டும் வேலை மிச்சமாகியிருக்கும்!

இதனினும் சிறிய கட்டத்திலும் படம் வரைந்தவர் உண்டு. சப்பான் நாட்டைச் சேர்ந்த சிகேத்தாக்கா குரீத்தா 1999ஆம் ஆண்டில் கைப்பேசிக்கென 176 சிறு படங்களை உருவாக்கும் பணியை மேற்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் அகலம் 12, உயரம் 12. ஆக 144 புள்ளிகளே. வெயில், மழை, இதயம், பேருந்து என அத்தனையும் அந்த 144 புள்ளிக்குள் அடங்கின. இன்று நாம் செய்தி அனுப்பும்போது இணைக்கும் முகப்படங்கள் அவற்றின் வழி வந்தவையே. நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016ஆம் ஆண்டில் அவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

படவுருக்கள் யாவும் எல்லார்க்கும் பொதுவானவை என்று எண்ணிவிடலாகாது. 'சேமி' என்பதற்குரிய படமாகச் சதுரத் தட்டு ஒன்றைக் காண்கிறோம். அது பழைய கணினிகளில் கோப்புகளைச் சேமிக்கப் பயன்பட்ட நெகிழ்தட்டு. நம் முதலாம் ஆண்டு மாணவர்கள் அதனை நேரில் கண்டதே இல்லை. அழைப்புக்குரிய படத்தில் உள்ள வளைந்த ஒலிவாங்கியும் அத்தகையதே. பொருள் போயிற்று, படம் நின்றது. முகப்புக்குத் திரும்பு என்பதற்கு வரையும் வீட்டைப் பாருங்கள். சில செயலிகளில் அதன் கூரைமேல் புகைபோக்கி ஒன்று நிற்கும். குளிர்நாட்டு வீட்டுக்கு அது பொருந்தும். புக்கிட் ரோத்தான் வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் எவர் புகைபோக்கி வைத்திருந்தார்? நம் பிள்ளைகளுக்கென ஒரு செயலி செய்வோர் புகைபோக்கியை நீக்கி, முன்னால் ஒரு தாழ்வாரம் வரைந்தால் பிள்ளைகள் தம் வீடென்றே கொள்வர்.

இனி, வண்ணத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஓவிய வகுப்பில் சிவப்பையும் பச்சையையும் குழைத்தால் மங்கிய பழுப்பு நிறம் வரும். திரையில் சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் கலந்தால் மஞ்சள் வரும்! வண்ணக் குழம்பு ஒளியை விழுங்கும் பொருள். திரையோ ஒளியைத் தரும் பொருள். ஆதலால் இரண்டின் கணக்கும் வேறு. ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு ஒளிகள் உள்ளன. ஒவ்வோர் ஒளியையும் 0 முதல் 255 வரை 256 படிகளில் கூட்டவும் குறைக்கவும் இயலும். 256ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள்: 16,777,216 வண்ணங்கள். கணக்குப் பாடத்தில் பெருக்கல் எதற்கு என்று கேட்கும் மாணவர்கள் இதனைக் கவனிக்க.

இவ்வளவு வண்ணம் கிடைக்கிறதென்று எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு போதிய அளவு இருத்தல் வேண்டும். இணையத்திற்கான பன்னாட்டு விதிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கு இவ்வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து அழகாகத் தோன்றலாம். நண்பகல் வெயிலில் அதனைப் படிக்க முடியாது. மேலும், சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலவே தோன்றும். பெண்களைவிட ஆண்களிடையே இது மிகுதி. சாலைச் சந்திப்பு விளக்கில் சிவப்பு மேலேயும் பச்சை கீழேயும் எப்போதும் இருப்பதால் அவர்கள் இடத்தை வைத்து அறிந்துகொள்கின்றனர். திரையிலும் சரியான விடைக்குப் பச்சை, தவறான விடைக்குச் சிவப்பு என்று வண்ணத்தை மட்டும் நம்பாமல், சரிக்குறியும் பெருக்கற்குறியும் சேர்த்து வரைவதே முறை.

கேட்டதை ஒருமுறை செய்து பார்ப்போமா? நமக்கு அண்மையில் உள்ள கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றின் கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிவிடுவதை உலகெங்கிலுமிருந்து வந்து காண்கின்றனர். ஒரு மரத்து மின்மினிகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து ஒரே நேரத்தில் அணையும். அந்த மின்மினியையே படவுருவாக வரைவோம். தொட்டால் அது ஒளிர வேண்டும்.

கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் 16 கட்டம் அகலமும் 16 கட்டம் உயரமும் உள்ள சதுரம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 256 கட்டங்கள். மின்மினிக்கு ஆறு கால்கள் உண்டு. ஆனால் இவ்வளவு சிறிய சதுரத்தில் கால்களை வரைந்தால் கறை படிந்தாற்போல் தோன்றும். ஆகவே அவற்றை விட்டுவிடுவோம். எதனை விடுவது என்று துணிவதே இவ்வேலையின் பெரும்பகுதி. முதல் வரிசையில் 7ஆம் கட்டத்தையும் 10ஆம் கட்டத்தையும் நிரப்புக, அவை உணர்கொம்புகள். 2, 3ஆம் வரிசைகளில் 8, 9ஆம் கட்டங்கள் தலை. 4ஆம் வரிசையில் 7 முதல் 10 வரை, 5 முதல் 9ஆம் வரிசை வரை 6 முதல் 11 வரை, 10ஆம் வரிசையில் மீண்டும் 7 முதல் 10 வரை நிரப்பினால் உடல் ஆயிற்று. 16 இரட்டைப்படை எண் ஆதலால் நடுக்கட்டம் என்று ஒன்று இல்லை. இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டுமாயின் நடுப்பகுதியை இரண்டு கட்டமாகவே அமைக்க வேண்டும்.

இப்போது விளக்கு. 11, 12ஆம் வரிசைகளில் 7 முதல் 10 வரை, 13ஆம் வரிசையில் 8, 9. ஆகப் பத்துக் கட்டங்கள். உண்மையில் மின்மினியின் விளக்கு வயிற்றின் அடிப்புறத்தில், பின்கோடியில் உள்ளது. மேலிருந்து பார்த்தால் சிறகு அதனை மறைக்கும். எனினும் விளக்குத் தெரியாத மின்மினியை எவரும் வண்டென்றே கொள்வர். ஆதலின் உடலுக்குப் பின்னே அது வெளிப்படத் தோன்றுமாறு அமைத்தோம். அறிவியல் பாட நூலுக்கு வரையும் படத்தில் இவ்வுரிமையை எடுத்துக்கொள்ளலாகாது, படவுருவில் எடுத்துக்கொள்ளலாம்.

இதே படத்தை அடுத்த பக்கத்தில் மீண்டும் வரைக. முதற்படத்தில் விளக்குக் கட்டங்கள் சாம்பல் நிறம். இரண்டாம் படத்தில் அவை மஞ்சள் கலந்த பச்சை: சிவப்பு 200, பச்சை 255, நீலம் 60 என்ற அளவில். அத்துடன், 12ஆம் வரிசையில் 5, 12. 14ஆம் வரிசையில் 6, 11. 15ஆம் வரிசையில் 8, 9 ஆகிய ஆறு கட்டங்களையும் அதே நிறத்தால் நிரப்பினால் ஒளி சிதறுவது போன்ற தோற்றம் கிட்டும். முதற்படத்தில் 54 கட்டங்கள் நிரம்பியிருக்கும், இரண்டாவதில் 60. ஒரே உருவத்தின் இத்தகைய இரு வடிவங்களை 'நிலைகள்' என்பர். மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம் 2007ஆம் ஆண்டில் சிறுவர்க்கென வெளியிட்ட ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளில் இவற்றுக்கு 'உடை' என்று பெயர். விரல் படும்போது மின்மினி உடை மாற்றிக்கொள்கிறது என்பது பொருத்தமான சொல்லாட்சியே.

உடை மாறும் வேகமும் கருதத்தக்கது. விரல் பட்ட பத்தில் ஒரு நொடிக்குள் திரையில் மாற்றம் தெரிந்தால், நாமே அதனைச் செய்தோம் என்ற உணர்வு உண்டாகின்றது. அதற்கு மேல் தாமதமானால் தொடவில்லையோ என்று ஐயுற்று மீண்டும் அழுத்துகிறோம். ஆதலால்தான் நல்ல பொத்தான்களுக்குக் குறைந்தது மூன்று நிலைகள் வரையப்படுகின்றன: காத்திருக்கும் நிலை, அழுத்தப்பட்ட நிலை, இப்போது பயன்படாது எனக் காட்டும் மங்கிய நிலை.

ஒரு செயலியில் நூறு இடங்களில் பொத்தான் வரலாம். நூறு முறை வரைவதில்லை. தீபாவளிக்கு முறுக்குப் பிழிவதை எண்ணிப் பாருங்கள். நாழியிலுள்ள அச்சுத் தட்டு ஒன்றுதான், முறுக்குகளோ நூற்றுக்கணக்கில். தட்டை மாற்றினால் அதன்பின் பிழியும் முறுக்கெல்லாம் மாறும். பொத்தானையும் ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலெல்லாம் அதனையே பயன்படுத்துவர். முறுக்கைவிட இதில் ஒரு வசதி கூடுதல்: மூலத்தை மாற்றினால், முன்னரே வைத்த நூறு பொத்தான்களும் சேர்ந்தே மாறிவிடும்.

பொத்தானின் அளவுக்கும் கணக்குண்டு. ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளுக்கான வடிவமைப்பு வழிகாட்டி, விரல் தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலமும் உயரமும் இருக்கட்டும் என்கிறது. அடிக்கோலை எடுத்து அளந்து பாருங்கள். நம் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். படம் அதைவிடச் சிறியதாக இருப்பினும், தொடத்தக்க பரப்பு அவ்வளவு வேண்டும்.

இதுவரை கூறியவை எந்த மொழிக்கும் பொது. தமிழுக்கென்றே சில செய்திகள் உள்ளன. அவற்றை நாமே கவனிக்காவிடில் பிறர் கவனிப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்து அமைத்த பொத்தானில் தமிழை இட்டால் என்ன நேர்கின்றது? 'மீ' என்பதன் மேற்சுழியும் 'ம்' என்பதன் புள்ளியும் மேலே செல்கின்றன. 'கூ', 'ழு' ஆகியவை கீழே இறங்குகின்றன. பொத்தானின் உயரம் போதாவிடில் மேலும் கீழும் வெட்டுண்டு போகும். புள்ளி வெட்டுண்டால் 'மண்' என்பது 'மண' ஆகிவிடும். 'பெட்டி' என்பதற்கும் 'பேட்டி' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதே. சிறிய எழுத்தில் அவ்வேறுபாடு ஓரிரு படப்புள்ளிகளில் நிற்கின்றது. 'கொடி' பறந்த இடத்தில் 'கோடி' பறக்க எவ்வளவு நேரமாகும்? பெரியவர்கள் இடம் நோக்கி ஊகித்துப் படித்துவிடுவர். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளையால் அது முடியாது. தான் தவறாகப் படித்ததாகவே அப்பிள்ளை நினைக்கும்.

மற்றொன்று, எழுத்து அமையும் வரிசை. 'கொ' என்று நாம் எழுதும்போது கொம்பு, ககரம், கால் என இடமிருந்து வலமாக எழுதுகிறோம். ஒருங்குறி முறையில் கணினி ககரத்தை முதலில் வைத்து, உயிர்க்குறியை அதன்பின் வைக்கின்றது; திரையில் காட்டும்போதுதான் குறியை இருபுறமும் பிரித்து இடுகின்றது. இதனை அறியாத மென்பொருளில் தமிழை இட்டால், 'பொங்கல்' என்ற சொல்லில் கொம்பு ஓரிடத்திலும் கால் மற்றோரிடத்திலும் கிடக்கும். விழாக்காலப் பதாகைகளில் இத்தகைய உடைந்த தமிழைக் கண்டு வருந்தாதவர் நம்மில் இலர்.

இத்துறையில் நம் நாட்டவர் ஒருவரின் உழைப்பு உலகறிந்தது. கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தராகிய முத்து நெடுமாறன், 1980களின் நடுவிலேயே கணினியில் தமிழை எழுதும் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் அது 'முரசு அஞ்சல்' எனப் பரவியது. கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப உதவும் 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி வெளியிடப்பட்டது. அவர் வடிவமைத்த 'இணைமதி' முதலிய எழுத்துருக்கள் ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றன. அந்நிறுவனக் கருவிகளிலுள்ள 'தமிழ் சங்கம் எம்.என்.' என்ற எழுத்துருவின் பெயரில் வரும் ஈரெழுத்தும் அவர் பெயரின் முதலெழுத்துகளே. ஓர் எழுத்துரு என்றால் 247 எழுத்துகளோடு கிரந்த எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் அனைத்தையும் ஒரே தடிப்பில், ஒரே சாயலில் வரைய வேண்டும். பிள்ளையின் விரல் நொடிக்கொருமுறை தொட்டு நகரும் திரையில் அவை தெளிவாகத் தோன்ற வேண்டும். படவுருக்களுள் மிகக் கடினமானவை எழுத்துகளே என்பது எம் கருத்து.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இவையெல்லாம் எவ்வளவு பெரிய செய்திகள் என்பது விளங்கியது. பள்ளி மூடப்பட்டது, பாடம் கைப்பேசிக்கு வந்தது. பல வீடுகளில் ஒரே கைப்பேசி. செம்பனைத் தோட்டத்திற்கோ ஆலைக்கோ சென்ற தந்தை மாலையில் திரும்பிய பின்னரே அது பிள்ளைகளின் கைக்குக் கிட்டும். அதிலும் அண்ணன் முடித்த பின் தங்கை, தங்கை முடித்த பின் தம்பி. பெரிய கணினித் திரைக்கென அமைத்த பயிற்சித் தாள் அச்சிறு திரையில் கடுகாகச் சுருங்கியது. அருகில் அமர்ந்து உதவியவர்கள் பெரும்பாலும் பாட்டிமார். அவர்களுள் பலர் சிறுவயதிலேயே பால்மரக் காட்டுக்குச் சென்றவர்கள், எழுத்து அறியார். ஆயினும் பச்சை வட்டத்தில் உள்ள படத்தைத் தொட்டால் ஆசிரியரின் குரல் வரும் என்பதை அவர்கள் அறிந்துகொண்டனர். படம் தெளிவாக இருந்த இடங்களில் பாடம் நடந்தது. எழுத்தை மட்டும் நம்பி அமைத்த இடங்களில், பேரன் விடையறிந்திருந்தும், அனுப்பும் வழி தெரியாமல் இருவரும் விழித்துக்கொண்டிருந்தனர்.

ஆகவே நீங்கள் வரைந்த மின்மினியை யாரிடம் காட்டிச் சோதிப்பது என்று கேட்டால், வீட்டிலுள்ள பாட்டியிடமும் இன்னும் பள்ளி சேராத தம்பி தங்கையிடமும் காட்டுங்கள் என்போம். இரு படங்களையும் வெட்டி, அட்டையில் ஒட்டி, ஒளிரும் படத்தின் மேல் ஒளிராத படத்தை வைத்து அவர்கள் முன் நீட்டுங்கள். ஒரு சொல்லும் கூறாதீர்கள். விரல் தானாக எங்குச் செல்கின்றது என்று பாருங்கள். விளக்குப் பகுதியில் விரல் பட்டால், மேலுள்ள அட்டையை உருவி எடுத்துவிடுங்கள். தலையையோ உடலையோ தொட்டால், அந்த இடத்தைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, விளக்குப் பகுதியை ஒரு வரிசை பெரிதாக்கி மீண்டும் வரையுங்கள். "இது என்ன வண்டு?" என்று கேட்டால் அதனையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்போது மாற்ற வேண்டியது ஒளியன்று, உடலின் வடிவம்.